தோளும் தலையணையும்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று ஒரு பழமொழி உண்டு. தலைக்கு வைத்த தலையணை தோளுக்கு வினையாய் முடிவதைப் பற்றி மட்டும் நம் பெரியவர்கள் பழமொழி ஒன்றும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அனுபவம் என்னவோ அநேக வீடுகளில் இருக்கத்தான் இருக்கிறது. இரவு சுகமாக ஒருக்களித்துப் படுக்கிறார் ஒருவர். நடுநிசியில் தோளில் ஆணி அடிப்பதுபோல் வலித்து விழிப்புக் கொடுக்கிறது. மறுபக்கம் புரண்டு படுக்கிறார். சற்று நேரத்துக்கெல்லாம், இப்போது மேலே இருக்கிறதே, அந்தத் தோள் முணுமுணுக்கத் தொடங்குகிறது. மல்லாந்து படுத்தாலோ தூக்கம் வருவதில்லை. வந்தால் குறட்டையும் கூடவே வந்து, பக்கத்தில் படுத்திருப்பவர்களின் தூக்கத்தைக் கொண்டு போய்விடுகிறது. காலையில், "ஏன், முகம் வாடியிருக்கிறதே?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, வாயுப் பிடிப்பு" என்று பதில் வருகிறது.

இந்த "ஒன்றுமில்லை"யைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத விரும்புகிறோம். ஏனெனில், பெரும்பாலும் அது உண்மையிலேயே ஒன்றுமில்லாததுதான்; படுக்கிற விதத்தைச் சிறிது மாற்றினால் சில வாரங்களில் போய்விடக்கூடியது. ஆனால் சில சமயங்களில் அதே வலி, கையையே வருஷக்கணக்கில் முடக்கிவிடக்கூடிய ஒரு நோயின் முதல் தூதனாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். கண்டுகொள்ளாமல் "வாயு" என்று ஒதுக்கிவிடுவதில்தான் நஷ்டம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுவோம். ஒருக்களித்துப் படுப்பதே தவறோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. தேரையர் பாடியதாக வழங்கும் பிணியணுகா விதியில் இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லொழுக்கங்களில் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது. இக்காலத்து வைத்தியர்களும், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பையின் புளிப்பு நீர் மேலே ஏறி வருவது குறையும் என்கிறார்கள். பிரசவ காலம் நெருங்கிய கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பதே நல்லது என்றும், குறட்டையினால் மூச்சுத் தடைப்படுவோருக்கும் அவ்வாறு படுப்பது அநுகூலம் என்றும் கூறுகிறார்கள். அன்றியும், இது மனிதருக்கு இயல்பாகவே அமைந்த வழக்கம். டென்மார்க் தேசத்தில் அறுநூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர்களின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி, இரவில் அவர்கள் எப்படிப் படுக்கிறார்கள் என்று அளந்து 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். படுக்கையில் கழித்த நேரத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக அவர்கள் பக்கவாட்டில்தான் படுத்திருந்தார்கள். வயது ஏற ஏற இந்த வழக்கம் மிகுதியாவதும் தெரிய வந்தது. ஆகவே, ஒருக்களித்துப் படுப்பதை விட்டுவிடும்படி நாம் யாருக்கும் உபதேசம் செய்யப் போவதில்லை. எப்படி ஒருக்களிப்பது என்பதே கேள்வி.

அதற்குத் தோளின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்பு மூட்டைப் பாருங்கள்: ஆட்டுரலில் குழவி உட்கார்ந்திருப்பதுபோல், தொடையெலும்பின் தலை ஆழமான குழியில் அமர்ந்திருக்கிறது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அசையாது. தோள் மூட்டு அப்படியன்று. சிறிய அகல் விளக்கின் மேல் பெரிய எலுமிச்சம் பழத்தை வைத்தாற்போல், ஆழமில்லாத ஒரு குழியின் மேல் கையெலும்பின் உருண்டை நிற்கிறது. அதனால்தான் கையை மேலே, கீழே, முன்னே, பின்னே என்று எந்தத் திசையிலும் சுழற்ற முடிகிறது. இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. உருண்டையை அகலின் மேல் நிலையாகப் பிடித்துக்கொண்டிருப்பவை எலும்புகள் அல்ல. நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களுமே. அவற்றுள் மேற்புறத்து நாண், தோள்பட்டை எலும்பின் நுனி கூரைபோல் கவிந்திருக்கும் ஒரு சந்தின் வழியாகச் செல்கிறது. அந்தச் சந்தின் உயரம் சுமார் 1 சென்டிமீட்டர்தான். நாண் கூரையில் உராயாதிருப்பதற்காக இடையில் மெல்லிய பை ஒன்றையும் இயற்கை வைத்திருக்கிறது.

ஒருவர் நேராகப் பக்கவாட்டில் படுக்கும்போது, மார்பின் பாரம் முழுவதும் கீழே உள்ள தோளின் முனைமேல் இறங்குகிறது. கையெலும்பின் உருண்டை அந்தச் சிறு சந்துக்குள் நெருக்கித் தள்ளப்படுகிறது. நாணும் பையும் கதவிடுக்கில் அகப்பட்ட விரல்போல் நசுங்குகின்றன. பகலில் இப்படி நெருக்கினால் உடனே கையை அசைத்துவிடுவோம். தூக்கத்தில் மணிக்கணக்காக அதே நிலையில் கிடக்கிறோம். தோளின் அந்த இடைவெளியில் உண்டாகும் அழுத்தத்தைக் கருவிகொண்டு அளந்து பார்த்தவர்களும், மல்லாந்து படுக்கையில் அது குறைந்தும், பக்கவாட்டிலும் குப்புறவும் படுக்கையில் மிகுந்தும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் மேலே இருக்கும் தோள் ஏன் வலிக்க வேண்டும்? அதன்மேல் பாரம் ஒன்றும் இல்லையே? உண்மைதான், ஆனால் அந்தக் கைக்கு ஆதாரமும் இல்லை. உறக்கத்தில் தசைகள் தளர்ந்ததும், மேற்கை மார்பின் குறுக்கே முன்பக்கம் சரிந்து பாயைத் தொடுகிறது. அதன் எடை முழுவதும் தோளின் பின்புறத்தை இரவெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கீழ்த்தோளுக்கு நெருக்கடி, மேல்தோளுக்கு இழுபறி. இரண்டு தோள்களும் ஒரே இரவில் முறையிடுவதன் இரகசியம் இதுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வலி தோன்றும் இடம் ஒன்று. அது பிறக்கும் இடம் வேறு. தோள் சந்தில் ஏற்படும் தொந்தரவு, பெரும்பாலும் மேற்கையின் வெளிப்பக்கத்தில், வங்கி அணியும் இடத்துக்குச் சற்று மேலாக, அம்மை குத்திய தழும்பு இருக்கும் பிரதேசத்தில் வந்து தெரியும். நம்மவர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்க்கிறார்கள். தேய்ப்பதில் சுகம் இல்லாமல் இல்லை. ஆனால் மடைவாயில் அடைப்பு இருக்க வாய்க்கால் கடைசியை வெட்டிக்கொண்டிருப்பதைப் போன்ற காரியந்தான் அது.

நிற்க. தலையணை விஷயத்துக்கு வருவோம்.

மனிதருடைய தலை 4 முதல் 5 கிலோ வரை எடை உள்ளது. பக்கவாட்டில் படுக்கும்போது காதுக்கும் பாய்க்கும் நடுவில் தோளின் அகலமளவு ஓர் இடைவெளி உண்டாகிறது. தலையணையின் வேலை இந்த இடைவெளியைச் சரியாக நிரப்புவது. அதற்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைந்தால் தலை கீழே சாய்ந்து, கழுத்தின் பாரமும் கீழ்த்தோளின் தலையிலேயே விழுகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? கையை மடக்கித் தலைக்குக் கீழே கொடுக்கிறோம். தோள் வலிக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. கை தலைக்குமேல் தூக்கியபடி இருக்க, அதன்மேல் தலையும் ஏறிக்கொண்டால், முன்சொன்ன சந்து இன்னும் குறுகிப் போகிறது.

நம் வீடுகளில் இலவம்பஞ்சுத் தலையணை வாங்கும்போது பூரிக்கப் பூரிக்கத்தான் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் நடுவில் பள்ளமும் ஓரங்களில் கட்டியுமாக அது உருமாறிவிடுகிறது. கலியாணத்தில் வந்த தலையணை என்ற பாசத்தால் அதை யாரும் மாற்றுவதில்லை. வெயிலில் காயப்போட்டுத் தட்டினால் கொஞ்சம் உயிர் வரும். அதற்கும் மசியாவிட்டால் பஞ்சைப் பிரித்து அடித்துப் புதிதாக நிரப்பத்தான் வேண்டும்.

சரியான உயரம் எது என்று கண்டுபிடிக்கக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. சுவரின் அருகே பக்கவாட்டாக நின்று, தோளின் முனை சுவரைத் தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள். தலையை நேராக நிமிர்த்திக்கொள்ளுங்கள். தலையின் பக்கத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள தூரத்தை வீட்டில் ஒருவர் அளந்து சொல்லட்டும். அநேகமாக 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். தலையை வைத்து அமுங்கிய பிறகு தலையணைக்கு இருக்க வேண்டிய உயரம் அதுதான். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு இந்த உயரம் முழுவதும் வேண்டும். மெத்தையில் படுப்பவர்களுக்குத் தோள் சற்று உள்ளே அமுங்குவதால், அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். உயரம் போதாவிட்டால் புதுத் தலையணை வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. பழைய நூல்புடவையை நாலாக மடித்து அடியில் வைத்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: தலையணை தலைக்கும் கழுத்துக்கும் உரியது. தோளையும் அதன்மேல் ஏற்றிவிடக் கூடாது. தோளின் விளிம்பில் தலையணையின் விளிம்பு முடிய வேண்டும்.

படுக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறுந்தரையில் ஒற்றைப் பாயில் படுப்பது முதுகுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு, தோளைக் கல்லில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். மல்லாந்து படுப்போருக்கு அது ஒத்துக்கொள்ளலாம். ஒருக்களிப்போருக்குத் தோளும் இடுப்பும் பதிய இடம் வேண்டும். பாயின் மேல் ஒரு ஜமக்காளத்தையோ பருத்தி மெத்தையையோ விரித்துக்கொள்வது உத்தமம். இதற்கு நேர் எதிரிடையாக, தொய்ந்துபோன கயிற்றுக் கட்டில் உடம்பைத் தொட்டிலைப்போல் வளைத்து, இரு தோள்களையும் உள்நோக்கி நெருக்கும். அதையும் இழுத்துக் கட்ட வேண்டும்.

இனிப் படுக்கும் முறை. வலி ஒரு தோளில் மட்டும் இருந்தால், அந்தத் தோள் மேலே வரும்படி மறுபக்கம் படுக்கவேண்டும். மார்புக்கு முன்னால் ஒரு தலையணையையோ சுருட்டிய போர்வையையோ வைத்து, மேற்கையை அதன்மேல் அணைத்தாற்போல் போட்டுக்கொள்ள வேண்டும். முழங்கை மார்பின் உயரத்துக்குக் கீழே சரியாதபடி அந்தத் தலையணை கனமாக இருக்கட்டும். குழந்தைகள் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்கள் தோளுக்குச் செய்யும் உபகாரம் நமக்குத் தெரிவதில்லை. முழங்கால்களுக்கு நடுவிலும் ஒரு சிறு தலையணை இருந்தால், இடுப்பு முன்னால் புரண்டு தோளையும் இழுத்துக்கொண்டு போகாது.

கீழே இருக்கும் தோளையும் கவனிக்க வேண்டும். படுத்தவுடன், மறுகையால் கீழ்த்தோளை மெதுவாக முன்பக்கம் இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். அப்போது பாரம் தோளின் முனையில் நில்லாமல், அதற்குப் பின்னால் உள்ள பட்டையெலும்பின் அகலமான பாகத்தில் பரவும். முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டை வைத்து, முழுதும் பக்கவாட்டில் இல்லாமல் கால்பங்கு பின்னோக்கிச் சாய்ந்துகொண்டால் இன்னும் விசேஷம். கீழ்க்கை முகத்துக்கு முன்னே, முழங்கை மடங்கி, தலைக்கு அடியில் போகாமல் இருக்கட்டும்.

இரண்டு தோள்களும் வலிக்குமானால், அந்தச் சில வாரங்களுக்கு மல்லாந்து படுத்துத்தான் ஆகவேண்டும். அப்போதும் வலிக்கும் கையை வெறுமனே பாயில் கிடத்தாமல், முழங்கைக்கும் மேற்கைக்கும் கீழே மடித்த துண்டு ஒன்றை வைத்தால், தோள் பின்னோக்கித் தொங்காமல் இருக்கும். குப்புறப் படுத்துக் கைகளைத் தலைக்குமேல் வீசிக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். எழுந்திருக்கும்போது வலிக்கும் கையை ஊன்றி எழாமல், நல்ல பக்கமாகப் புரண்டு நல்ல கையை ஊன்றி எழுவது இரவின் இலாபத்தைக் காலையில் இழக்காமல் இருக்க உதவும்.

"தூங்கும்போது இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது நீங்கள் அல்ல, தலையணைகள். முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் இருந்தால் உடம்பு தானாகவே அவற்றுக்கு நடுவில் நிற்கும். பத்துப் பதினைந்து இரவுகளில் அது வழக்கமாகிவிடும்.

படுக்குமுன் பத்துப் பதினைந்து நிமிஷம் வெந்நீர்ப் பையாலோ, சட்டியில் வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்தோ ஒத்தடம் கொடுப்பது இதமாக இருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில சமயம் தோலில் உணர்ச்சி மட்டுப்பட்டிருக்கும். அவர்கள் சூட்டைத் தாங்களே பரீட்சை செய்யாமல் மற்றொருவர் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வலி போகாது, கொப்புளந்தான் வரும். வலி மாத்திரையை ஓரிரண்டு நாள் விழுங்குவது வேறு. கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. பின்னது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். தோளைப் பிடித்துத் திருகிச் "சுளுக்கு" எடுக்கிறோம் என்பவர்களிடம் கையைக் கொடுப்பதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: வேண்டாம்.

இந்த அளவில் மூன்று வாரத்துக்குள் வலி குறைந்துகொண்டே வந்தால் கவலைக்கு இடமில்லை. குறையாவிட்டால்? இனிச் சொல்லப்போவது அவர்களுக்காக.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் எர்னஸ்ட் அமரி காட்மன் என்று ஒரு ரணசிகிச்சை நிபுணர் இருந்தார். 1934-ஆம் ஆண்டில் தோளைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் ஒரு நோய்க்கு "உறைந்த தோள்" என்று பெயர் சூட்டினார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுறை வீங்கித் தடித்துச் சுருங்கி, கையை எந்தத் திசையிலும் திருப்பவொட்டாமல் செய்துவிடுகிறது. இதனோடு ஒத்த நோயைச் சித்த வைத்தியர்கள் கும்பவாதம் என்று வழங்குகிறார்கள். காட்மன் அந்நோய்க்குக் குறித்த அடையாளங்களில் ஒன்று இக்கட்டுரைக்கு மிகவும் பொருந்தும்: வலி உள்ள பக்கம் படுத்துத் தூங்க இயலாமை.

நோய் மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் சில மாதங்கள் வலி மிகுதியாக, அதிலும் இரவில் மிகுதியாக இருக்கும். அடுத்தபடி வலி தணியும். ஆனால் தோள் இறுகிப்போகும். மூன்றாவதாக, இறுக்கம் மெல்ல மெல்லத் தளரும். எல்லாமாக ஒன்றிலிருந்து மூன்று வருஷம்வரை ஆகும். சிலருக்கு இறுக்கம் முழுதும் நீங்காமலே நின்றுவிடுவதும் உண்டு. 40-க்கும் 60-க்கும் இடைப்பட்ட வயதினருக்கு, அவர்களிலும் ஸ்திரீகளுக்கு, இது அதிகமாக வருகிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது, நீரிழிவு உள்ளவர்களை இது தேடிப் பிடிக்கிறது. பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் இந்நோய், நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு வருவதாக வைத்திய நூல்கள் சொல்கின்றன. தைராய்டு சுரப்பியின் கோளாறு உள்ளவர்களுக்கும் அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆராய்ச்சியின்படி, நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். ஆகையால் இது எங்கோ பாஸ்டனில் இருக்கும் வியாதி அன்று; நம் அடுத்த அறையில் இருக்கக்கூடிய வியாதி.

படுக்கையினால் வந்த சாதாரண நோவுக்கும் உறைந்த தோளுக்கும் வீட்டில் செய்யக்கூடிய பரீட்சை ஒன்று உண்டு. முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். இப்போது முழங்கையை நகர்த்தாமல், கதவைத் திறப்பதுபோல் முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இரண்டு கைகளையும் சேர்ந்தாற்போல் திருப்பிப் பாருங்கள். ஒரு கை நன்றாகத் திரும்பி, மற்றக் கை பாதியில் நின்றுவிட்டால், வீட்டில் ஒருவரை மெதுவாக உதவச் சொல்லுங்கள். அவர் உதவியும் திரும்பாமல் பூட்டுப் போட்டாற்போல் நின்றால், தோள் உறையத் தொடங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சாதாரண நோவில் கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவழியில் வலிக்கும். ஆனால் தோள் பூட்டிக்கொள்ளாது. கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் வலி கையில் மின்னல்போல் ஓடி, விரல்கள் மரத்துப் போனால், குற்றவாளி தோள் அன்று, கழுத்து.

அன்றாடக் காரியங்களே பரீட்சையாகவும் அமையும். பின்னால் கைகொடுத்து ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாமை, தலை வாரிப் பின்னிக்கொள்ள முடியாமை, சட்டையின் இரண்டாவது கையில் கையை நுழைக்கத் திணறுதல், பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கப் பிறரைக் கூப்பிடுதல் ஆகிய இவை எல்லாம் தோள் எழுதும் கடிதங்கள். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கோ கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. வலிக்கும் கையை விட்டு மற்றக் கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார்கள்; முன்னால் கொக்கி வைத்த ரவிக்கை தைத்துக்கொள்கிறார்கள்; பின்னலைக் கொண்டையாக மாற்றிக்கொள்கிறார்கள். கை அசையாமல் இருக்க இருக்க மூட்டு மேலும் இறுகுகிறது. ஆறு மாதம் கழித்து வைத்தியரிடம் போகும்போது, முதல் மாதத்தில் எளிதாகத் தணிந்திருக்கக்கூடிய வலிக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டி வருகிறது.

ஆகவே சந்தேகம் தோன்றினால் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, டாக்டரிடம் காட்டுவதோடு இரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் பரிசோதித்துக்கொள்வது. தமக்கு நீரிழிவு இருப்பதையே தோளின் மூலமாக முதன்முதலில் அறிந்துகொள்கிறவர்கள் உண்டு. ஆரம்பத்தில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி மருந்து செலுத்தினால் வலி நன்றாகத் தணிவது கண்டிருக்கிறது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அளவைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

இரண்டாவது, தோளை அசையாமல் கட்டிப் போடாதிருப்பது. காட்மன் பெயரால் வழங்கும் பயிற்சி ஒன்று மிகவும் எளியது. நல்ல கையை மேஜையில் ஊன்றி, இடுப்பை மடக்கி முன்னால் குனிந்து, வலிக்கும் கையைக் கோயில் மணியின் நாக்கைப்போல் தளரத் தொங்கவிட வேண்டும். உடம்பை மெதுவாக அசைத்தால் கை தானே ஊசலாடும். முதலில் முன்னும் பின்னும்; பிறகு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குச் சிறு வட்டமாக. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிஷம், நாளைக்கு மூன்று தடவை. அடுத்தது, சுவரின் எதிரில் நின்று விரல்களாலேயே சுவரில் ஏறுவது. வலி அதிகமாகாத உயரத்தில் நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வாரத்துக்கொரு தடவை கோடு எவ்வளவு உயர்ந்தது என்று பாருங்கள். மூன்றாவது, முழங்கைகளை இடுப்போடு ஒட்டி, ஒரு குச்சியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் வலிக்கும் கையை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளுவது. எல்லாவற்றுக்கும் விதி ஒன்றே: பயிற்சியினால் உண்டான வலி சிறிது நேரத்தில் அடங்கிவிட வேண்டும். இரவுத் தூக்கத்தையும் கெடுக்குமானால் செய்தது அதிகம். மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். இயன்முறைச் சிகிச்சை தெரிந்தவர் ஒருவர் முதலில் காட்டிக்கொடுத்தால் நலம். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசாங்கத் திட்டத்தில், வீட்டுக்கே வந்து நீரிழிவு மருந்து கொடுப்பதோடு இத்தகைய சிகிச்சையும் சேர்க்கப்பட்டது, எளியவர்களுக்கும் இது எட்டாத பொருளல்ல என்பதைக் காட்டும்.

முடிக்குமுன், தாமதிக்கக் கூடாத சில அறிகுறிகளையும் சொல்லிவிட வேண்டும். தோளிலோ கையிலோ வலியுடன் மார்பில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் இவற்றில் ஏதேனும் சேர்ந்தால், அது படுக்கையின் கோளாறு என்று எண்ணித் தலையணையை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. இருதயத்தின் அபாய அறிவிப்பாக இருக்கலாம். உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்திரீகளுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த அறிவிப்பு மார்வலி இல்லாமலே வருவதுண்டு. கீழே விழுந்தபின் கையைத் தூக்க முடியாமை, தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் காணுதல், எந்தப் பக்கம் படுத்தாலும் ஓயாத இரவு வலியோடு உடம்பு இளைத்தல் ஆகியவையும் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டியவை.

மற்றவர்களுக்கு நம்முடைய யோசனை சுருக்கமானது. இன்றிரவு படுக்கை விரிக்கும்போது வீட்டில் ஒவ்வொருவரையும், முக்கியமாக எதையும் "ஒன்றுமில்லை" என்று சொல்லும் வழக்கம் உள்ளவரை, "எந்தப் பக்கம் படுக்க முடிகிறது?" என்று கேளுங்கள். "இரண்டு பக்கமும்" என்று பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். "ஒரு பக்கந்தான்" என்று வந்தால் இன்னொரு தலையணையைக் கொண்டுவந்து கொடுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள். அப்போதும் அதே பதிலானால், மறுநாள் காலையில் அவரை அழைத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் புறப்படுங்கள். அவர் வேண்டாம் என்றாலும்.